கைக்குத் தக்க வண்டி

கோலாலம்பூர் சென்ட்ரலில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ போய்ச் சேரலாம். தஞ்சோங் மாலிமில் பேராக் மாநிலம் தொடங்கிவிடுகிறது. சிலிம் ரிவர், சுங்காய், தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா என்று ஒலிபெருக்கி ஒவ்வொரு நிலையமாகச் சொல்லச் சொல்ல, மலேசியத் தமிழர் பலருக்குத் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய தோட்டங்களின் பெயர்கள் தாமாகவே நினைவுக்கு வரும். அந்த ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று செம்பனைத் தோட்டங்கள். சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஈப்போவுக்குத் தெற்கே கோப்பெங் பக்கம் போனால், சுற்றுலா வந்தவர்கள் ஏ.டி.வி. என்னும் நாற்சக்கர வண்டிகளில் தோட்டப் பாதைகளின் சேற்றைக் கிளப்பிக்கொண்டு போவதைப் பார்க்கலாம்.

நான் பார்க்கப் போனதும் ஓர் ஏ.டி.வி.யைத்தான். ஒற்றைக் கையால் ஓட்டுவதற்காக அதை மாற்றியமைத்துக்கொண்டிருந்தார்கள்.

வண்டிக்குச் சொந்தக்காரர் கோப்பெங் வட்டாரத்துத் தம்பி ஒருவர். வயது நாற்பதை நெருங்குகிறது. தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வீடு திரும்பும்போது மோட்டார் சைக்கிள் விபத்து. தலைக்கவசம் உயிரைக் காப்பாற்றியது. வலக்கை உடம்போடுதான் இருக்கிறது, ஆனால் தோளுக்குக் கீழே அசைவில்லை. கழுத்துத் தண்டுவடத்திலிருந்து கைக்கு வரும் ஐந்து நரம்பு வேர்கள் தோளருகே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கை முழுவதற்கும் கிளை விடுகின்றன. வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு விழும்போது தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமுமாக இழுபட்டால் அந்த வேர்கள் நைந்துபோகும், சில சமயம் அறுந்தே போகும். மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த நாடுகளில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம் இது. அடிபடுகிறவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். நேரத்தோடு அறுவைச் சிகிச்சை செய்தால் முழங்கையை மடக்கும் அளவுக்குச் சிலருக்குப் பலம் திரும்பும். விரல்களுக்குத் திரும்புவது அரிது.

அவருடைய அப்பா வேலை பார்த்த தோட்டத்தில் லயன் வீடுகள் இடிபட்டுப் பல காலமாகிறது. அம்மன் கோயில் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் பொறுப்பு இவர்கள் குடும்பத்துக்கு. பெரிய சாலையிலிருந்து கோயிலுக்குப் போவது செம்மண் பாதை, மழை பெய்தால் கார் இறங்காது. விபத்துக்கு முன் கப்சாய் மோட்டாரில் போய்வந்தவர், இப்போது லாரிக்காரர் யாராவது மனமிரங்கினால்தான் போக முடிகிறது. "ஒவ்வொரு தடவையும் ஒருத்தர்கிட்டப் போய் நிக்கணும்ணே. நாலு சக்கரம் இருந்தா நானே போயிருவேன்" என்றார். தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிட்டார். பழைய ஏ.டி.வி. ஒன்றும் கிடைத்துவிட்டது. வண்டியின் கைப்பிடிதான் இரண்டு கை கேட்டது.

ஈப்போ ரயில் நிலையத்திலிருந்து புந்தோங் கிட்டத்தான். ஈப்போவில் தமிழர் செறிந்து வாழும் பகுதி அது. எட்டயபுரத்துப் பக்கமிருந்து வந்த குடும்பங்கள் அங்கே முறுக்கும் வறுத்த கடலையும் செய்து விற்கத் தொடங்கின. இன்று புந்தோங் கச்சாங் பூத்தே என்றால் நாடே அறியும். எண்ணெய்ச் சட்டி மணக்கும் தெருக்களைத் தாண்டினால் ஒரு மோட்டார் பட்டறை. பட்டறைக்காரரை அந்த வட்டாரமே மாமா என்கிறது. அறுபது தாண்டியவர். கப்சாய், தோட்டத்து டிராக்டர், புல்வெட்டும் இயந்திரம் என்று வந்ததையெல்லாம் பிரித்துப் பூட்டிய கை.

ஏ.டி.வி.யின் கைப்பிடியில் வலப்பக்கம் ஆக்சிலேட்டர். மோட்டார் சைக்கிளில் போல முறுக்குவது கிடையாது, கட்டைவிரலால் தள்ளும் சிறு லிவர். அதற்குக் காரணம் உண்டு. மேடு பள்ளத்தில் உடம்பு முன்னும் பின்னும் ஆடும். முறுக்கும் ஆக்சிலேட்டராக இருந்தால் உடம்பு பின்னால் சாயும்போது கை தன்னையறியாமல் முறுக்கிவிடும், வண்டி பாய்ந்துவிடும். கட்டைவிரல் லிவரோ விரலை எடுத்த கணமே ஸ்பிரிங்கால் மூடிக்கொள்ளும். இந்த வண்டியில் இடப்பக்க லிவர் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் பிடிக்கும். வலக்காலடியில் பின் பிரேக்குக்கு ஒரு பெடல் உண்டு. கியர் தானியங்கி, கிளட்ச் இல்லை.

வலக்கை இயங்காதவருக்கு ஆக்சிலேட்டரை இடப்பக்கம் கொண்டுவந்தால் வேலை முடிந்தது என்று தோன்றும். மாமா அதைக் கடைசிக்கு வைத்திருந்தார். "மொதல்ல வண்டி நிக்கணும் தம்பி. ஒழுங்கா நிக்கிற வண்டிக்குத்தான் ஓடுற யோக்கியதை" என்றார்.

முதலில் பிரேக் லிவர். கைப்பிடியிலிருந்து அது எவ்வளவு தள்ளி நிற்கிறது, இரண்டு விரலால் எட்டுகிறதா, ஒரே கை மணிக்கணக்கில் பிடித்தாலும் சோராதா என்று பார்த்து லிவரின் திருகைச் சரிசெய்தார். பிறகு கால் பிரேக். பெடல் சேற்றுச் செருப்புக்கும் வழுக்காதபடி பல்வைத்த தகடு ஒன்றைப் பற்றவைத்து உயர்த்தினார். மூன்றாவது, எஞ்சினை நிறுத்தும் கயிறு. ஓட்டுபவர் வண்டியிலிருந்து விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் அணைந்துவிடும். பலர் அதை மணிக்கட்டில் மாட்டுவார்கள். ஒரே கை உள்ளவர் அந்தக் கையில் தானே எப்படி மாட்டிக்கொள்வது? இடுப்பு வாரில் ஒரு கொக்கி வைத்து, ஒரு விரலால் மாட்டவும் கழற்றவும் முடிகிற மாதிரி செய்தார். கண்ணுக்குத் தெரியாத இந்தச் சின்ன வேலைக்குத்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகே ஆக்சிலேட்டர். வலப்பக்கத்துப் பெட்டியைக் கழற்றி இடப்பக்கம் தலைகீழாகப் பூட்டுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் லிவர் கட்டைவிரலுக்கு வாகாக அமையாது, கேபிள் நுழையும் வாய் திசை மாறி மழைத் தண்ணீரும் மண்ணும் உள்ளே இறங்கும். இடக்கைக்கென்றே செய்த லிவர்கள் சந்தையில் கிடைக்கின்றன. மாமா அதையே வரவழைத்திருந்தார். கேபிள் கார்பரேட்டர் வரை போகும் பாதை மாறுவதால் நீளமும் மாற வேண்டும். எங்கும் சுருக்கென்று மடங்கக் கூடாது, புகைக்குழாயின் சூட்டில் படக் கூடாது.

பூட்டி முடித்ததும் எஞ்சினைக் கிளப்பி, ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஹேண்டில்பாரை இடக்கோடி வரை திருப்பினார். சத்தம் ஒரே சீராக இருந்தது. வலக்கோடிக்குத் திருப்பினார். எஞ்சின் உறுமி ஏறியது. யாரும் லிவரைத் தொடவில்லை. வளைவில் கேபிள் இழுபட்டு அதுவாகவே ஆக்சிலேட்டரைத் திறந்துவிட்டது. காட்டுப் பாதையில், பள்ளத்தின் விளிம்பில், வலப்பக்கம் ஒடித்துத் திருப்பும் நேரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவில்லை. எஞ்சினை அணைத்து, கேபிளை அவிழ்த்து, ஸ்டியரிங் தண்டின் மறுபக்கமாக அகலமான வளைவு கொடுத்து மறுபடி கொண்டுவந்தார். இரண்டு கோடிக்கும் மாறி மாறித் திருப்பினார். சத்தம் மாறவில்லை. லிவரைத் தள்ளிவிட்டுப் பட்டென்று விட்டார், மூடிக்கொண்டது. கையில் பலம் குறைந்தவர்களுக்காக ஸ்பிரிங்கைத் தளர்த்துவது வழக்கம்தானே என்று கேட்டேன். "தளர்த்தலாம். விட்டா மூடணும், அதுக்குக் கீழ போகக் கூடாது" என்றார்.

இன்னொன்று மிச்சமிருந்தது. கியரை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றும் கம்பி வண்டியின் வலப்பக்கத்தில். இடக்கையால் அதை எட்ட உடம்பையே திருக வேண்டும். கம்பியை நீட்டி நடுவுக்கு வளைத்துக் கொடுத்தார். கியர் மாற்றும்போது இடக்கை பிரேக்கை விட்டிருக்கும், ஆகவே கால் பிரேக்கை மிதித்தபடியே மாற்ற வேண்டும் என்று தம்பியை உட்காரவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்.

இந்த வரிசை இந்தத் தம்பிக்கு மட்டும் உரியது. இடக்கை இல்லாதவருக்குப் பிரேக் லிவர்தான் வலப்பக்கம் போக வேண்டும். எண்ணெய்க் குழாயை நீட்ட வேண்டும், உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் வெளியேற்ற வேண்டும். கட்டைவிரல் இல்லாதவருக்கு லிவரைத் திருப்பிவைத்தால் ஆள்காட்டி விரலால் இழுத்து ஓட்டலாம். விரல்கள் மடங்காதவருக்கு லிவர் நுனியில் அகலத் தகடு பற்றவைத்தால் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளலாம். பிடிப்பில் பலமில்லாதவருக்குப் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டரில் சிறிய பிஸ்டன் போட்டால் அதே விரல் பலத்துக்கு அதிக அழுத்தம் கிடைக்கும், லிவர் சற்று அதிக தூரம் வரும். இரண்டு கையிலும் பலமில்லை என்றால் பக்கத்துப் பக்கத்தில் இருவர் உட்காரும், கூரைச் சட்டமும் இருக்கை வாரும் உள்ள காட்டு வண்டியே நல்லது. அதில் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் காலில் இருக்கின்றன, கைக்கு ஸ்டியரிங் மட்டும்தான் வேலை. எந்தக் கை எதைச் செய்ய முடியும் என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.

பட்டறை வாசலில் வரிசையாக நின்ற கப்சாய்களைப் பார்த்தபோது, இந்தச் சிந்தனை நமக்குப் புதிதில்லை என்று தோன்றியது. ஹோண்டா நிறுவனம் 1958-ல் சூப்பர் கப் வண்டியைக் கொண்டுவந்தபோது அதில் கிளட்ச் லிவரே வைக்கவில்லை. ஜப்பானில் சோபா நூடுல்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு மறுகையால் வண்டி ஓட்ட வேண்டும் என்பது அந்த வடிவமைப்பில் ஒரு நிபந்தனை. எஞ்சின் வேகத்துக்கேற்பத் தானே பிடித்துத் தானே விடும் கிளட்ச் அதற்காகவே வந்தது. 2017-ல் அந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது. மலேசியத் தோட்டங்களில் பால் வாளியையும், பள்ளிப் பிள்ளைகளையும், கோயிலுக்கு வாழைத் தாரையும் சுமந்தவை அதன் வழிவந்த வண்டிகள்தாம். தட்டேந்திய ஒரு கைக்காக யோசித்த யோசனை உலகத்தில் எல்லாருக்கும் உதவியது. செயலிழந்த ஒரு கைக்காக யோசிப்பதும் அப்படித்தான் உதவும்.

அடுத்து கோப்பெங். பத்து காஜா வழியாகச் சுற்றிக்கொண்டு போனோம். பாதையில் கெல்லி கோட்டை வருகிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-ல் அவர் லிஸ்பனில் இறந்துபோனதால் முடியாமல் நின்ற மாளிகை. அதைக் கட்டிய கைகளில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கைகள் நிறைய. கொள்ளைநோய் வந்து தொழிலாளர்கள் மடிந்தபோது அம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று துரையிடம் கேட்டார்கள். அவரும் உதவினார். மாளிகைக்குச் சற்றுத் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலின் கூரையில், தெய்வ உருவங்களோடு கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பதை இன்றும் பார்க்கலாம். மாளிகைக்குள் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். கோயிலில் பூசை நடந்துகொண்டிருந்தது.

தம்பியின் வீட்டில் அவருடைய அம்மா காப்பி கொடுத்தார். பால்வெட்டி ஓய்ந்தவர். காப்பித் தம்ளரை அவர் நீட்டியபோதுதான் அந்த விரல்களைக் கவனித்தேன். முதுமையில் நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையை நோக்கி மடங்கியே நிற்கின்றன, முழுக்க விரிவதில்லை. விடியும் முன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, நெத்தி விளக்கோடு நெரைக்குள் இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களில் ஒவ்வொன்றாகப் பட்டை சீவ வேண்டும். சீவல் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டலாம், அவ்வளவுதான். ஆழம் போனால் மரத்தில் காயம் விழும், மேலோட்டமாகப் போனால் பால் வராது. "ஒரு கை இழுக்கும், ஒரு கை தாங்கும். கத்திக்குத் தக்க மாதிரி கைதான் வளைஞ்சு போச்சுப்பா. கத்தியை எவன் மாத்திக் கொடுத்தான்?" என்று கேட்டார்.

பேராக்கின் தோட்ட வரலாற்றை அந்தக் கேள்விக்குள் அடக்கிவிடலாம். கத்தி, வாளி, அதைச் சுமக்கும் காண்டாக் கம்பு, ரப்பர் தட்டை அழுத்தும் ரோலர் என்று எல்லாம் ஓர் அளவில் வந்தன. கை அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். பழகாத கைக்கு வேலை இல்லை. ரோலரில் விரலைக் கொடுத்தவருக்கு வேறு லேசான வேலை கொடுத்தால் அது துரையின் கருணை. கருவியை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் கைகள் கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தன. அந்த அம்மாவின் மகனுக்கு இன்று ஒரு கருவி வளைந்து கொடுக்கிறது. இதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சாதாரணமானதல்ல.

வெள்ளோட்டம் கோயில் பாதையிலேயே நடந்தது. புறப்படும் முன் மாமா டயர் காற்றைப் பார்த்தார். காருக்கு 30 பி.எஸ்.ஐ. அளவு காற்று வேண்டும். ஏ.டி.வி.யின் பருத்த டயருக்கு 5 அளவே போதும். கூடினால் டயர் பந்துபோல் துள்ளி, ஒவ்வொரு வேர்முண்டும் கைப்பிடியைப் பிடுங்கும். இரண்டு கை உள்ளவர் அதைச் சமாளிப்பார். ஒற்றைக் கைக்காரருக்கு அது விபத்து. பெரிய ஏ.டி.வி.களில் மின்சார உதவியோடு ஸ்டியரிங் வருகிறது. சக்கரம் கல்லில் மோதும் அதிர்வு கைக்கு வருவதை அது பெருமளவு குறைக்கும். இந்தப் பழைய வண்டியில் அது இல்லாததால், ஹேண்டில் திடீரென வெட்டாமல் தாங்கும் ஒரு டேம்பரை மாமா பொருத்தியிருந்தார். லிவர் முழுதும் திறக்காதபடி ஆக்சிலேட்டர் பெட்டியில் இருந்த வேகக் கட்டுப்பாட்டுத் திருகையும் உள்ளே திருகியிருந்தார். பழகப் பழக வெளியே எடுக்கலாம்.

அசையாத வலக்கையை என்ன செய்வது? அதைக் கைப்பிடியில் கட்டிவிட்டால் பார்க்க இரண்டு கையால் ஓட்டுவது போலிருக்கும். மாமாவும் தம்பியும் ஒரே குரலில் மறுத்தார்கள். ஏ.டி.வி.யில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் கவிழ்தல். 200, 300 கிலோ எடை மேலே விழும்போது ஓட்டுபவர் வண்டியிலிருந்து விலகி விழ வேண்டும். கட்டிய கை அவரை வண்டிக்கு அடியிலேயே பிடித்துவைக்கும். ஆகவே கையை நெஞ்சோடு சேர்த்துத் தூளியில் கட்டி, அதன் மேல் சட்டையை மாட்டிக்கொண்டார். உடம்போடு கட்டலாம், வண்டியோடு ஒருபோதும் கட்டக் கூடாது.

செம்மண் பாதையில் வண்டி இறங்கியது. இரண்டு பக்கமும் செம்பனை. வெட்டிப்போட்ட மட்டைகள் வரிசையாகக் கிடந்தன. பழைய ரப்பர் தோட்டத்தின் படிக்கட்டு மேடுகள் அவற்றுக்கடியில் இன்னும் தெரிகின்றன. நாங்கள் நடந்தே பின்னால் போனோம். முதல் கானைத் தாண்டும்போது ஹேண்டில் இடப்பக்கம் இழுத்தது. அவர் கட்டைவிரலை எடுத்தார், வேகம் விழுந்தது, இரண்டு விரல் பிரேக்கைப் பிடித்தன, வண்டி நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. தொடையால் டாங்கியை இறுக்கிக்கொண்டு, உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து, மறுபடி மெல்லத் தள்ளினார். ஏறிவிட்டது. கோயில் வரை நாங்கள் யாரும் கை கொடுக்க வேண்டியிருக்கவில்லை. விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரி போட்டதும் அவரே.

உலகத்தில் இந்த வழியில் முன்னால் போனவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மெர்ட் லாவில் 1969-ல் அந்நாட்டின் மோட்டார் சைக்கிள் பந்தய வெற்றியாளர். அவருடைய நண்பரும் பந்தய வீரருமான கிறிஸ் டிரேயர் 1967-ல் ஒரு பந்தய விபத்தில் கையை இழந்தார். நண்பர் மறுபடி வண்டி ஓட்ட வேண்டும் என்பதற்காகவே பல ஆண்டுகளுக்குப் பிறகு லாவில் ஒரு செயற்கைக் கையை வடிவமைத்தார். அது கைப்பிடியைக் கவ்விக்கொள்ளும், வேண்டும்போது விடுபடும். பந்தயக்காரருக்குப் பிடித்துக்கொள்வதைப் போலவே விடுபடுவதும் முக்கியம் என்று தெரிந்திருந்தது. கோப்பெங்கில் கையை வண்டியோடு கட்டக் கூடாது என்று சொன்ன அறிவும் அதுவே.

தமிழ் மண்ணிலும் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியிலிருந்து மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி விரியவைத்தார். அங்கே ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளியான சிறுவன் ஒருவன் சாவியை வாங்கி ஒரே திருகில் திறந்துவிட்டான். அவன் விரல் எலும்பு தெரிய வெட்டுப்பட்டிருந்தது, அவனுக்கு அது தெரியவில்லை. வலி தெரியாத கை தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கும், கொப்புளம் வந்தாலும் விடாது என்று பிராண்ட் அறிந்தார். காயம் வராமலிருக்கக் கருவிகளின் பிடிகள் தடித்தும் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும் என்பதும் அந்த அனுபவத்தில் தெளிவானது. உணர்வு குறைந்த கையோடு ஏ.டி.வி. ஓட்டுகிறவருக்கு இதைவிட நேரான அறிவுரை இல்லை. பிடிகளுக்குத் தடித்த ரப்பர் உறை போட வேண்டும், எஞ்சின் சூடு கையில் படாமல் மறைக்க வேண்டும், இறங்கியதும் கையைக் கண்ணால் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து அண்மைக் காலத்தில் வரும் செய்திகளும் நம்பிக்கை தருகின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் நியோபோல்ட் என்ற மின்மோட்டார் இணைப்பைக் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகலாம். இரு கைகளும் இல்லாமல் பிறந்த இடுக்கி மாவட்டத்து ஜிலுமோள் மரியட் தாமஸ் 2023 டிசம்பரில் கார் உரிமம் பெற்றார். கொச்சியில் மாற்றியமைத்த அந்தக் காரை அவர் காலால் ஓட்டுகிறார். விளக்கு, வைப்பர் போன்றவை குரலுக்குக் கட்டுப்படுகின்றன.

மலேசியாவில் சட்டத்தின் துணை ஓரளவு இருக்கிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொழுதுபோக்கு, ஓய்வு, விளையாட்டு ஆகியவற்றில் சமமாகப் பங்கேற்கும் உரிமையைச் சொல்கிறது. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நேரும் விபத்துக்குச் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவின் பாதுகாப்பு உண்டு. ஈப்போவின் மேரு ராயாவில் ரோபோக்களின் உதவியோடு கை கால் பயிற்சி தரும் பெரிய மறுவாழ்வு மையத்தையும் பெர்கேசோ அமைத்திருக்கிறது. பொதுச் சாலையில் ஓடும் வண்டியை மாற்றியமைத்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் ஒப்புதல் வேண்டும், ஓ.கே.யூ. எனப்படும் மாற்றுத்திறனாளி ஓட்டுநருக்குத் தனி உரிம வகுப்பு உண்டு. ஏ.டி.வி. பொதுச் சாலைக்கான வண்டி அல்ல, தனியார் நிலத்துக்குள் அனுமதியோடு ஓட்டுவது. அதனாலேயே அதை யார் பரிசோதிப்பது என்ற கேள்வி பட்டறைக்காரரின் மனசாட்சியில் வந்து நிற்கிறது. மாமா போன்றவர் கிடைத்தால் பிழைத்தோம். எல்லாப் பட்டறையிலும் ஹேண்டிலை இரண்டு கோடிக்கும் திருப்பிப் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது.

மறுநாள் வடக்கே போனேன். கோல கங்சாரில் 1877-ல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து இங்கே இறங்கிய ஒன்பது கன்றுகள் அவை. நம் முன்னோர்களின் கைகளை இந்த நாட்டுக்கு அழைத்துவந்ததில் அந்தக் கன்றுகளுக்கும் பங்குண்டு. வரும் வழியில் சுங்கை சிப்புட். மலேசிய இந்தியத் தலைவர் துன் சம்பந்தனின் ஊர். பெருந்தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்று, தொழிலாளர்கள் வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960-ல் அவர் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, அந்தப் பணத்தில் தோட்டங்களையே வாங்கினார்கள். தோட்டத்தை வாங்க முடியும் என்று நம்பிய மக்களுக்கு, ஒரு லிவரை இடம் மாற்றுவது பெரிய காரியமாக இருக்க முடியாது.

ஆகவே இந்தப் பயணத்திலிருந்து மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். கோப்பெங்கிலும் கம்பாரிலும் ஏ.டி.வி. வாடகைக்கு விடுகிறவர்கள் இடக்கை ஆக்சிலேட்டர் பொருத்திய வண்டி ஒன்றையாவது தயாராக வைத்திருக்கலாம். மொத்த முதலீட்டில் அந்தச் செலவு பெரிதாக இருக்காது. வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்லூரிகள், மறுவாழ்வு மையங்களின் கைப் பயிற்சி நிபுணர்களோடு உட்கார்ந்து, கேபிள் சோதனையிலிருந்து கயிற்றுக் கொக்கி வரை ஒரு வரிசையை எழுதி எல்லாப் பட்டறைக்கும் கொடுக்கலாம். மாமாவின் தலைக்குள் இருக்கும் அந்த அறிவு அவரோடு போய்விடக் கூடாது. பழைய தோட்டத்துக் கோயில்களின் நிர்வாகக் குழுக்கள், திருவிழாக் கணக்கில் ஒரு சிறு தொகையை ஒதுக்கி, கை முடியாத பிள்ளைகளும் பெரியவர்களும் செம்மண் பாதையைக் கடந்து சன்னதிக்கு வர ஒரு வண்டியைப் பொதுவில் வைத்திருக்கலாம்.

கத்தியை யார் மாற்றிக் கொடுத்தார்கள் என்று அந்த அம்மா கேட்டார். அவருடைய காலத்தில் அதற்குப் பதில் சொல்ல ஆளில்லை. இப்போது ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஊருக்கு ஊர் இருக்கிறார்கள், லிவரும் கேபிளும் கடையில் கிடைக்கின்றன. இனியும் மாற்றாமல் விட்டால் அதற்கு நாம்தான் பொறுப்பு.